உயரம் குறைந்த பையன் நடுக்களத்தில் நிலைப்பானா? மோட்ரிச்சை வைத்து ஒரு பதில்

கேள்வி கால்பந்து வீரர் லூகா மோட்ரிச்சைப் பற்றியது போலத் தொடங்குகிறது. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு 13 வயது, நடுக்களத்தில் ஆடுகிறான், பந்து காலை விட்டு அகலுவதில்லை. ஆனால் வகுப்பிலேயே உயரம் குறைந்தவன் என்பதால் "உடம்பு போதாது" என்று சொல்லிப் பள்ளி அணியில் வெளியே உட்கார வைக்கிறார்கள். குரோஷியாவின் மோட்ரிச்சையும் சிறு வயதில் இப்படி ஒதுக்கினார்களாமே, உண்மையா? மலையில் வளர்ந்த பிள்ளைக்கு மூச்சு அதிகம் என்கிறார்களே, அது உதவுமா? கோயம்புத்தூர் அகாடமியில் சேர்த்துவிடலாமா? கேட்டிருப்பவை மூன்று. ஆனால் அடியில் இருப்பது ஒன்றே: இந்தப் பையன் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை நியாயமானதா, அல்லது பெற்ற பாசம் கண்ணை மறைக்கிறதா என்பது. நான் நீலகிரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கால்பந்துப் பயிற்சிக்கென்று தனியே படித்தவன். உங்கள் மகன் ஆடி நான் பார்த்ததில்லை, ஆகவே அவன் பெரிய வீரனாவானா மாட்டானா என்று சொல்ல மாட்டேன். அதைக் கண்டுகொள்ள எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் மோட்ரிச். ஒதுக்கப்பட்டார் என்பது உண்மைதான். 1985 செப்டம்பர் 9 அன்று பிறந்தவர். வெலெபிட் மலையின் தெற்குச் சரிவில் ஒரு குக்கிராமத்தில் தாத்தாவின் ஆடுகளோடு வளர்ந்தார். 1991 டிசம்பரில், யுகோஸ்லாவியா உடைந்தபோது மூண்ட போரில், அந்தத் தாத்தாவைச் செர்பியக் கிளர்ச்சிப் படையினர் கொன்றார்கள். குடும்பம் அகதியாகக் கடலோரத்து ஸாதார் நகருக்கு இறங்கிப் பல ஆண்டுகள் ஹோட்டல் அறையில் வாழ்ந்தது. ஹோட்டலின் கார் நிறுத்துமிடம்தான் அவருக்கு மைதானம். ஸாதார் கிளப்பின் இளையோர் பிரிவில் சேர்ந்தார். அப்பகுதியின் பெரிய கிளப்பான ஹாய்டுக் ஸ்ப்ளிட்டில் முயன்றபோது, மெலிந்தவன், வளர்த்தி போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். இதுவரை நீங்கள் கேள்விப்பட்டது சரி.

அதிலிருந்து எடுக்கப்படும் பாடம்தான் எனக்கு உடன்பாடில்லை. "குள்ளம் என்று ஒதுக்கினார்கள், மன உறுதியால் வென்றான்" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். ஹாய்டுக் கிளப் திருப்பி அனுப்பிய மெலிந்த பையன்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயர்தான் நம் காதில் விழுந்திருக்கிறது. மற்றவர்களுக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னது? ஒதுக்கப்பட்ட பிறகு என்ன நடந்தது என்று பார்த்தால்தான் கதை விளங்கும். ஸாதாரின் இளையோர் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த தோமிஸ்லாவ் பாஷிச், அந்தப் பையனை வெளியே உட்கார வைக்கவில்லை. தொடர்ந்து ஆட வைத்தார். 16 வயதில் அவரே ஏற்பாடு செய்து டினமோ ஸாக்ரெப் கிளப்புக்கு அனுப்பினார். பின்னாளில் மோட்ரிச் தன் விளையாட்டுத் தந்தை என்று குறிப்பிடுவது இவரைத்தான்.

அவருடைய வாழ்க்கையில் முக்கியமான ஆண்டு எது என்று கேட்டால் பெரும்பாலோர் 2018 என்பார்கள். நான் 2003 என்பேன். டினமோ அவரைத் தன் அணியில் வைத்துக்கொள்ளாமல் ஓராண்டுக்கு இரவலாக பாஸ்னியாவின் ஸ்ரிஞ்ஸ்கி மோஸ்தார் அணிக்கு அனுப்பியது. போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத ஊர், கரடுமுரடான மைதானங்கள், காலைப் பார்த்து உதைக்கும் பெரியவர்களின் லீக். அங்கே 18 வயதுப் பையன் ஒரு பருவம் முழுக்க ஆடி, அந்த லீகின் சிறந்த வீரராகத் தேர்வானார். அங்கே ஆடத் தெரிந்தவன் எங்கும் ஆடுவான் என்ற பொருளில் பிறகு அவரே சொல்லியிருக்கிறார். அடுத்து இன்டர் ஸாப்ரேஷிச் என்ற சிறிய கிளப்பில் அரைப் பருவம். 2005 தொடக்கத்தில் டினமோவுக்குத் திரும்பியபோது எந்தப் பக்கமிருந்து இடி வரும், எந்த நொடியில் பந்தை விட வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அதன் பின் டினமோவோடு தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லலாம், நாளிதழில் எல்லோரும் படித்ததுதான். 2006 மார்ச்சில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் குரோஷிய அணியில் முதல் ஆட்டம். 2008இல் லண்டனின் டாட்டன்ஹாம். அங்கே முதலில் அவரை எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் இருந்தார்கள்; இங்கிலாந்து லீகுக்கு இந்த உடம்பு தாங்காது என்ற பேச்சும் கூடவே வந்தது. ஹாரி ரெட்நாப் பயிற்சியாளராக வந்த பிறகு, முன்கள வீரருக்குப் பின்னால் இருந்த இடத்திலிருந்து மெல்ல நடுவுக்கு வந்து, பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவரானார். 2012 ஆகஸ்டில் ரியல் மாட்ரிட். அந்த டிசம்பரிலேயே ஸ்பெயினின் 'மார்க்கா' நாளிதழ் நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் அந்தப் பருவத்தின் மோசமான ஒப்பந்தம் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே மனிதர் அங்கே 13 பருவங்கள் ஆடி, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள் ஆறோடு 2025இல் ஏசி மிலானுக்குப் போனார். இடையில் 2018 உலகக் கோப்பையில் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து, அதே ஆண்டு உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டி ஓர். 2008 முதல் மெஸ்ஸியும் ரொனால்டோவும் மட்டுமே மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்த விருது அது. உயரம் 172 சென்டிமீட்டர். ஸ்பெயினின் நடுக்கள வீரர்கள் சாவியும் இனியெஸ்டாவும் அதைவிடச் சற்றுக் குறைவு. எனவே உயரம் குறைந்தவர் நடுக்களத்தில் உச்சம் தொட முடியுமா என்பது இனிமேல் விவாதத்துக்கு உரியதல்ல; முடியும். ஆனால் அதே ஸ்பெயின் அணியில் அவர்களுக்குப் பின்னால் நின்ற புஸ்கெட்ஸ் 189 சென்டிமீட்டர் என்பதையும் மறக்க வேண்டாம். உயரம் தடையல்ல, அதற்காகக் குள்ளமாக இருப்பதே ஒரு தகுதியும் அல்ல.

தகுதி எது என்பதற்கு ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். இணையத்தில் தேடி மகனோடு உட்கார்ந்து பாருங்கள். 2022 ஏப்ரல் 12, சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, மாட்ரிட்டின் சொந்த மைதானம். எதிரணியான லண்டனின் செல்சி மூன்று கோல் போட்டுவிட்டது. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் மாட்ரிட் வெளியேற வேண்டிய நிலை. 80ஆவது நிமிடம். இடப்பக்கம் சற்று உள்ளே மோட்ரிச்சிடம் பந்து. வலது காலின் வெளிப்புறத்தால் ஒரு தட்டு. செல்சியின் தடுப்பு வரிசைக்கு மேலே பறந்து, வளைந்து இறங்கி, ஓடி வரும் சக வீரர் ரோட்ரிகோவின் காலில் விழுகிறது, கோல். மாட்ரிட் கூடுதல் நேரத்தில் இன்னொன்று போட்டு, கூட்டுக் கணக்கில் 5-4 என்று அரையிறுதிக்குப் போனது. எல்லோரும் அந்தத் தட்டைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். நீங்கள் அதற்கு முன் உள்ள நொடிகளைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்பே அவர் தலை திரும்பி மீள்கிறது. உடம்பு ஏற்கெனவே பாதி திரும்பிய நிலையில் இருக்கிறது. உட்புறக் காலால் அடிக்க வேண்டுமானால் இன்னும் ஓர் அடி வைத்து உடம்பைத் திருப்ப வேண்டும், அதற்குள் எதிரணிக்காரர் வந்துவிடுவார். வெளிப்புறத்தால் அடித்தால் நின்ற நிலையிலேயே பந்து புறப்பட்டுவிடும். சாகசம் காட்டுவதற்காக அவர் அப்படி அடிப்பதில்லை. இடித்துத் தள்ள உடம்பு இல்லாதவன் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கற்ற வழி அது.

இந்தத் தலை திருப்புதல் என் கற்பனை அல்ல. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து லீக் நடுக்கள வீரர்களின் ஆட்டங்களைப் பதிவு செய்து எண்ணிப் பார்த்தார். பந்து வருமுன் சுற்றிலும் அதிகமுறை பார்ப்பவர்கள் பாஸ்களைச் சரியாகக் கொடுப்பதும் அதிகம் என்று கண்டார். பார்ப்பதால்தான் நன்றாக ஆடுகிறார்களா, நன்றாக ஆடுபவர்களுக்குப் பார்க்கும் பழக்கமும் இருக்கிறதா என்பதை இன்னும் வாதிடலாம். ஆனால் என் அனுபவத்தில், பள்ளிப் பையன்களிடம் இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை. அடுத்த ஆட்டத்தில் மைதானத்தின் ஓரம் நின்று பந்தைப் பார்க்காதீர்கள். மகனின் கழுத்தைப் பாருங்கள். பந்து அவனிடம் வரும் முன் ஒருமுறையாவது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறானா? வாங்கும்போது முதுகு முழுக்க எதிரணிப் பக்கம் இருக்கிறதா, அல்லது இடுப்பு பாதி திரும்பியிருக்கிறதா? முதல் தொடலிலேயே பந்து இடிக்க வருபவரை விட்டு விலகிப் போகிறதா, அல்லது நின்ற இடத்தில் நிற்கிறதா? பந்து காலை விட்டு அகலுவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அது நல்லதுதான், ஆனால் நடுக்களத்தில் பந்தை அதிகம் வைத்திருப்பவன்தான் அதிகம் இடி வாங்குவான். அவன் சின்ன உடம்பு கூடுதல் சுமையாகத் தெரிவதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம்.

இனி உடம்பு. இதில் உறுதியானது நிறைய இருக்கிறது. பையன்கள் வேகமாக உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வரும். சிலருக்கு 12இலேயே, சிலருக்கு 16இல். ஆகவே ஒரே வகுப்பில் படிக்கும் 13 வயதுக்காரர் இருவரில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் குழந்தையாகவே இருப்பான். அணித் தேர்வில் முதலாமவன் வேகமும் வலுவும் திறமை போலத் தெரியும். நாற்றங்காலில் எந்தத் தேயிலைச் செடி முதலில் உயர்ந்தது என்பதை வைத்து ஐந்தாம் ஆண்டுக் கொழுந்தை யாரும் கணக்குப் போடுவதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நாம் அப்படிச் செய்கிறோம். பிறந்த மாதமும் சேர்ந்து விளையாடும். 1985இல் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்த பார்ன்ஸ்லி என்ற ஆய்வாளர், வயதுப் பிரிவின் எல்லைத் தேதிக்குப் பின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அணிகளில் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதைக் காட்டினார்; பிறகு கால்பந்திலும் அதே நிலை தெரிந்தது. உங்கள் மகன் ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவனா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால், பள்ளிக் குறுவட்டப் போட்டிகளில் 14 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவன் தன்னைவிட ஏறத்தாழ ஓராண்டு மூத்தவர்களோடு மோதிக்கொண்டிருக்கிறான். இங்கிலாந்தில் இதற்காகவே உடல் முதிர்ச்சியை அளந்து, வயதை விட்டுவிட்டு அதன்படி அணி பிரித்து ஆட வைத்துப் பார்க்கிறார்கள். நம் பள்ளிகளில் அந்த வசதி இல்லை. ஒரு பென்சிலும் சுவரும் போதும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைக் குறித்து வையுங்கள். கோடுகள் நெருக்கமாக இருக்கும்வரை வளர்ச்சி இனிமேல்தான் வரப்போகிறது என்று கொள்ளலாம். அவன் எவ்வளவு உயர்வான் என்பது பெரும்பாலும் பெற்றோர் உயரத்தைப் பொறுத்தது. டானிக் விளம்பரங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மலைக்காற்று பற்றிய கேள்விக்குப் பதில் பாதி ஆம், பாதி இல்லை. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக்கும் 1970 உலகக் கோப்பையும் நடந்த மெக்சிகோ நகரமும் அதே உயரம்தான். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். இங்கேயே வளரும் பிள்ளைகளின் ரத்தம் அதற்கேற்பப் பழகும் என்பது உண்மை. 1968இல் தூர ஓட்டங்களில் கென்யா, எத்தியோப்பியா மேட்டுநிலத்துக்காரர்கள் பதக்கம் குவித்ததும் உண்மை. ஆனால் கோத்தகிரியும் குன்னூரும் ஊட்டியைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வு, பலனும் அதற்கேற்பக் குறையும். கீழே போய்ச் சில வாரம் தங்கினால் கூடுதல் ரத்தச் சிவப்பணுக்களும் குறைந்துவிடும். உயரத்தில் வசித்துத் தாழ்வில் பயிற்சி எடுப்பதே சிறந்தது என்று 1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓட்ட வீரர்களிடம் காட்டினார்கள். நமக்கு மேலே ஊட்டியும் கீழே மேட்டுப்பாளையமும் இருப்பதால் சிலர் உற்சாகமாகி விடுகிறார்கள். 13 வயதுப் பையனைத் தினமும் மலைப்பாதையில் பஸ்ஸில் ஏற்றி இறக்கினால் மிஞ்சுவது வாந்திதான். நடுக்கள வீரனுக்கு மூச்சைவிட முக்கியமான வேறொன்று இருக்கிறது. காற்று லேசான இடத்தில் பந்து கூடுதல் தூரம் போகும், குறைவாக வளையும். இங்கே பழகிய பையன் கோயம்புத்தூரில் ஆடினால் நீளமான பாஸ்கள் எல்லாம் ஓர் அடி, இரண்டடி முன்னாலேயே விழும். பார்ப்பவர் பையனுக்குக் காலில் வலு இல்லை என்பார். சமவெளியில் தேர்வு என்றால் இரண்டு மூன்று நாள் முன்னால் போய் நீளப் பந்துகள் அடித்துப் பழகச் சொல்லுங்கள். வெயிலுக்கும் அந்த நாட்கள் தேவைப்படும்.

வெளியே உட்கார வைக்கப்படும் பையனின் மனம் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அது இருக்கிறது. அதற்காக இன்னோர் ஆட்டத்தைச் சொல்கிறேன். 2018 ஜூலை 1, ரஷ்யாவின் நீஷ்னி நோவ்கரோட், உலகக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிராக. கூடுதல் நேரத்தில் மோட்ரிச் கொடுத்த பாஸில் சக வீரர் ரெபிச் கோல்கீப்பரையும் தாண்டிவிட, பின்னாலிருந்து தட்டி வீழ்த்தினார்கள். 116ஆவது நிமிடத்தில் பெனால்டி. மோட்ரிச் அடித்தார், டென்மார்க் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் பிடித்துவிட்டார். பத்தாண்டுகளுக்கு முன் 2008 யூரோ காலிறுதியில் துருக்கிக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்டிலும் அவர் தவறவிட்டிருந்தார். சில நிமிடங்களில் மறுபடி ஷூட்அவுட். அவர் விலகிக்கொள்ளவில்லை, மூன்றாவதாக வந்து நடுவே அடித்தார், பாய்ந்த கோல்கீப்பரின் காலுக்கு அருகே பந்து உள்ளே போனது. குரோஷியா வென்றது, அடுத்த இரண்டு ஆட்டங்களும் கூடுதல் நேரத்துக்குப் போய், இறுதியாட்டத்தில் பிரான்ஸிடம் 4-2 என்று தோற்றது. தவறியவன் அடுத்த பந்தையும் கேட்டு வாங்குகிறானா என்பதைப் பிள்ளைகளிடம் நான் கவனிப்பேன். வெளியே உட்கார்ந்தே பழகும் பையனுக்குத் தவறவே வாய்ப்பு கிடைப்பதில்லை, உட்கார வைப்பதில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் அதுதான்.

அகாடமி விஷயத்தில் மோட்ரிச்சின் வாழ்க்கையில் பலரும் பேசாத பக்கம் ஒன்று உண்டு. 2005இல் டினமோவோடு பத்தாண்டு ஒப்பந்தம் போட்டார். அந்தப் பணத்தில் பெற்றோருக்கு ஸாதாரில் வீடு வாங்கினார். அந்தக் கிளப்பை ஆட்டிவைத்த ஸ்த்ராவ்கோ மாமிச், வீரர்களை விற்ற பணத்தில் மோசடி செய்ததாக 2018இல் சிறைத் தண்டனை பெற்றார்; அப்போது பாஸ்னியாவுக்குத் தப்பிப் போயிருந்தார். அந்த வழக்கில் பொய்ச் சாட்சி சொன்னதாக மோட்ரிச் மீதே குற்றச்சாட்டு வந்து, பிறகு தள்ளுபடியானது. நம் மலையில் இவ்வளவு பெரிய பணம் புரளாது. ஆனால் வகை ஒன்றுதான். சமவெளியிலிருந்து வந்து ஒருநாள் "தேர்வு" நடத்தி, வந்த பையன்கள் அனைவரையும் தேர்ந்தெடுத்து, முன்பணம் கேட்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன், உள்ளூர் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். மகன் வாரத்துக்கு எத்தனை ஆட்டம் முழுதாக ஆடுவான் என்று கேளுங்கள். அதற்குப் பதில் வரவில்லையென்றால் மேற்கொண்டு பேச வேண்டாம்.

ஆக, இந்த ஆண்டு கோயம்புத்தூர் வேண்டாம் என்பது என் கருத்து. விடுதியில் போட்டால் அங்கேயும் உயரத்தைப் பார்த்து வெளியே உட்கார வைக்கலாம். அப்போது வீடும் பக்கத்தில் இருக்காது. பள்ளி ஆசிரியரிடம் சண்டைக்குப் போகாமல், ஒன்று மட்டும் கேளுங்கள்: பெரிய பையன்களோடு ஆட்டம் முழுக்க வேண்டாம், தன் அளவுப் பையன்களோடு சிறிய களத்தில், ஐந்துக்கு ஐந்து, தினமும் ஆட விடுங்கள் என்று. நம் ஊர்ப் பள்ளி மைதானங்கள் சரிவை வெட்டிப் போட்டவை. பந்து ஓரம் தாண்டினால் தேயிலைச் செடிக்குள் போய் ஆட்டமே நின்றுவிடும். அந்த நெருக்கடியில் ஆடுவது இவனுக்கு நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் அணிகளும் படுகர் ஊர்களான ஹட்டிகளின் அணிகளும் மோதும் பெரியவர்கள் ஆட்டத்தில் இப்போதே இறக்க வேண்டாம். மோட்ரிச் மோஸ்தாருக்குப் போனது 18 வயதில், 13இல் அல்ல. இவனுக்கு 16, 17 ஆனதும் அதே ஆட்டங்கள் நல்ல பள்ளிக்கூடம். அப்போது தாராளமாக இறக்குங்கள். சுவரில் கோடுகள் திடீரென்று விலகத் தொடங்கும் மாதங்களில் அவன் ஆட்டம் கொஞ்சம் கெடும், கால் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பான். அது இயல்பு, சில மாதங்களில் சரியாகும். அந்தச் சமயத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டில் வலி என்று சொன்னால் குதிப்பதையும் சரிவில் இறங்கி ஓடுவதையும் குறைத்து, எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். எண்ணெய் தேய்த்து நீவி விடாதீர்கள்.